படகோட்டியின் குரல்

என் அப்பாவின் குரல் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொள்கிறார்கள். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கிற கேம் கொன்சோலைச் செய்து உலகம் முழுக்க விற்கிற நிறுவனம் அது. அதற்குச் சொந்தமான வீடியோ கேம் ஸ்டூடியோ ஒன்றில், சூரிச்சில், நான் ஒலி வேலை செய்தேன். கதவு சாத்துகிற சத்தம், சேற்றில் கால் புதைகிற சத்தம், ஆட்களின் பேச்சு எல்லாம் என் பொறுப்பு.

நான் சேர்ந்தபோது அந்த ஸ்டூடியோவை எந்த நிறுவனமும் வாங்கியிருக்கவில்லை. பதினைந்து பேர், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், எப்போதும் பழுதாகிற கோப்பி மெஷின். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டைப் பற்றிய கேமைச் செய்துகொண்டிருந்தோம். அதில் ஒரு வயதான படகோட்டி வருவான். அவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்கிறவர்களுக்குப் பிடிபடக்கூடாது. நடிகர்கள் பலர் வந்து தொண்டையைக் கரகரப்பாக்கிப் பேசிவிட்டுப் போனார்கள். எல்லாம் மேடைக் குரல். எனக்குப் பொறுமை போய்விட்டது. என் அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கலியாண வீட்டுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். ஒலிப்பதிவு அறையின் சுவர்ப் பஞ்சை விரலால் அமத்திப் பார்த்தார்.

"என்ன கதைக்கிறது?"

"என்னவெண்டாலும் கதையுங்கோ அப்பா. நாங்கள் வெட்டி ஒட்டி வேறை பாஷை மாதிரி ஆக்கிப்போடுவம்."

"வெட்டத்தானே போறியள். பிறகென்னத்துக்கு நான் யோசிச்சுக் கதைக்க?"

பொரிக்கிற எண்ணெய்ச் சட்டியை எப்படிக் கழுவுவது என்பதில் தொடங்கினார். நான்கு நாட்கள் கதைத்தார். ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீடு வரைக்குமான பஸ் தரிப்பிடங்களை ஒன்றுவிடாமல் சொன்னார். திரிம்பாக் என்கிற ஊரில் இருக்கிற எங்கள் ஆட்களின் கோயில் தேருக்குப் போய், கார் விட இடம் தேடி முடிவதற்குள் தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்துவிட்ட கதையைச் சொன்னார். கோபமான பேச்சும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் பாடுபட்டோம். வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் அப்பா ஒருநாளும் கோபப்பட்டதில்லை. சிரித்தே காலத்தைக் கடத்தியவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "ஹோட்டலிலை கிளாஸ் தட்டை விழுத்திப்போட்டு உங்களிலை பழியைப் போட்டவனை நினையுங்கோ" என்றேன். வந்தது பாருங்கள் ஒரு ஏச்சு! அவருடைய மகளாக முப்பது வருடம் இருந்தும் நான் கேட்டிராத சொற்கள். ஏசி முடித்துவிட்டு, "அம்மாவுக்குப் போட்டுக் காட்டிப்போடாதை" என்றார்.

அந்தப் பதிவுகளை வெட்டுவதற்கு வீட்டுக்கே கொண்டுபோனேன். சின்ன ஸ்டூடியோவில் அது வழக்கம்தான். என்னுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்பாவின் பேச்சு முழுவதும் இருந்தது.

அடுத்த வருடம் கொன்சோல் நிறுவனம் எங்களை வாங்கியது. ஷாம்பெயின் உடைத்தோம். கோப்பி மெஷின் புதிதாக வந்தது, கழுத்தில் அட்டை தொங்கியது, கூடவே கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் வந்தன. அப்பாவுக்கும் ஒன்று வந்தது. அவருடைய பதிவு செய்யப்பட்ட குரல் உலகம் முழுவதிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகிற வடிவங்களிலும் கூட, நிறுவனத்துக்கே உரியது என்று அதில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் சொன்னேன். "நீ வேலை செய்யிற இடம்தானே" என்று சொல்லிவிட்டு, குசினி மேசையில் வைத்து அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் இரகசியம். அறிவிக்கப்படாத கேமைப் பற்றி வீட்டிலும் வாய் திறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லுசேர்ணுக்குப் போனால் அப்பா கேட்பார்.

"என்ன, படகு வெளிக்கிட்டுட்டுதோ?"

"இன்னும் இல்லை அப்பா."

"தண்ணி காணாது போலை" என்று சொல்லிச் சிரிப்பார். மூன்று வருடம் இந்த ஒரே பகிடி.

ஒரு வியாழக்கிழமை காலை எல்லாரையும் பெரிய திரைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். வேறொரு கண்டத்தில் வெயில் அடிக்கிற அறையில் இருந்து, தலைமையகத்து மனிதர் ஒருவர் எங்களுடைய திறமையை மிகவும் பாராட்டினார். பாராட்டு நீண்டுகொண்டே போனபோது எங்களுக்கு விளங்கிவிட்டது. ஸ்டூடியோவை மூடுகிறார்கள். கேம் வெளிவராது. அப்படி ஒன்று இருந்தது என்றுகூட யாரும் சொல்லக்கூடாது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதருக்குப் பின்னால் ஒரு பூச்சாடி இருந்தது. அதற்கு மட்டும் யாரோ ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

கடைசி நாளில் ஒரு படிவம் தந்தார்கள்: நிறுவனத்தின் எந்தப் பொருளும், எந்தப் பிரதியும் என்னிடம் இல்லை. என் பக்கத்து மேசைக்காரன் தண்ணீரை மட்டுமே ஐந்து வருடமாகச் செய்தவன். அலை, நுரை, மழை எல்லாம் அவன் கைவேலை. அதையெல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அடுத்த வேலை தேடும்போது காட்ட வேண்டுமே.

நான் மட்டும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு ஒன்பது வருடம் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் பார்த்திருந்த வீடு. ஒரு பத்திரத்திலும் ஒரு சொல் பிழைக்கக்கூடாது, பிழைத்தால் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. ஓய்வு பெற்ற அன்று அப்பா ஹோட்டல் ஏப்ரன்களை, கிழிந்த மூன்றையும் சேர்த்து, துவைத்து அயன் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தவர். வாங்கிய பெண் அவருக்கு முன்னாலேயே அவற்றைக் குப்பைக்குள் போட்டாள். நானும் அவருடைய மகள்தானே. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். அழித்ததை மீட்க முடியாதபடி அழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்; அப்படியே செய்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த டிஸ்க்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியவும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த இளவேனிலில் அப்பாவின் தொண்டை அடைத்தது. தடிமன் என்றார், கொத்தமல்லி அவித்துக் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் புற்றுநோய், முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் அவர் கதைக்கப்போனால் குரல் இல்லை, வெறும் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களைக் கூப்பிட்டு இருத்தினாள். பழைய குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தால், நிறையப் பதிவாகியிருந்தால், அதே குரலில் கதைக்கிற செயலி ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றாள். தமிழிலும் முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறாளாம். வீட்டில் தேடினோம். கலியாண வீடியோக்களில் அப்பா வாயசைக்கிறார், மேளம்தான் கேட்கிறது. போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் "ஓம்", "சரி", "வாறன்." இருபத்தெட்டு வருடம் சமையலறை இரைச்சலுக்குள் நின்ற மனிதர் சுருக்கமாகவே கதைத்துப் பழகியிருந்தார். அவர் வாய் ஓயாமல் கதைத்தது அந்த நான்கு நாட்கள்தான்.

தலைமையகத்துக்கு எழுதினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் இணைத்தேன். மரியாதையான பதில் வந்தது. அப்பாவின் உடல்நிலைக்காக மிகவும் வருந்துகிறார்களாம். அறிவிக்கப்படாத கேமின் கோப்புகளை வெளியே கொடுப்பதில்லையாம். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் வருந்தினார்கள். தண்ணீர் செய்தவனிடம் ஓடினேன். பாவம், டிஸ்க் முழுவதையும் திறந்து காட்டினான். தன்னுடைய தண்ணீரை மட்டுமே எடுத்திருந்தான்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்கு ஒரு டேப்லெட் தந்தார்கள். தமிழில் தட்டினால் அது வாசிக்கும். அதிலே வந்தது தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்பாளர் ஒருவரைப் போன்ற குரல். அப்பா முதலில் அம்மாவுக்குத் தட்டியது, "இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஒண்டு தாருமப்பா." அந்தக் குரல் அதைத் தேர்தல் முடிவு சொல்வதைப் போலச் சொன்னது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆரோ பிறத்தி ஆம்பிளை வீட்டுக்குள்ளை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அப்பா டேப்லெட்டை மேசை லாச்சிக்குள் வைத்தவர்தான், பிறகு எடுக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டத் தொடங்கினார்.

போன மாதம் ஒரு மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், பலகையில் எழுதினார்: "நீ வீட்டிலை வைச்சும் வெட்டினனி எல்லோ. அது எங்கை?"

நிறுவனம் மறுத்ததை மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். மற்றது அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

"அழிச்சுப்போட்டன் அப்பா. சைன் வைக்க முதல் அழிச்சனான். ஒருத்தரும் கேக்கேல்லை. நானாத்தான் அழிச்சனான்."

அவர் ஏச வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த ஒலிப்பதிவு அறையில் ஏசியதைப் போல, அம்மாவுக்குக் காட்டக்கூடாத சொற்களால். அவர் பலகையில் எழுதியிருந்ததைத் துடைத்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

"சரியாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை. உனக்கு ஒரு கரைச்சலும் வராது."

பலகையை இரண்டு கைகளாலும் என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நான் வாசித்து முடித்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.