அத்தையின் பெயர் ஒட்டிய போத்தல்

சிறுநீர் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போத்தலைக் கொடுக்குமுன் பெயரை ஒட்ட வேண்டும். திருப்பி வாங்கும்போது பெயரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆள்மாறாட்டம் நடக்கலாம் என்று தோன்றினால் போத்தலை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. ஓர் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று மருத்துவச் சபை எழுதிய தாளுடன் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வுபெற்றேன். அந்தத் தாளில் மூன்று கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது. நான்தான் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இந்த முறைகள் எதுவும் வந்துசேர்ந்திருக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த வருடம் பெரியப்பா செத்துப்போயிருந்தார். தேயிலையை விட்டு மஹியங்கனைப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர், காலும் முகமும் வீங்கித் திரும்பி வந்தார். சிறுநீரகம் என்றார்கள். வயல் தண்ணீர், வெயில், பயிருக்கு அடிக்கிற மருந்து என்று நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிறகு யாரோ ஒருவருக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் அப்படியே வீங்கித்தான் செத்தார். ஆனால் அவர் மலையை விட்டு இறங்கியதே இல்லை. அன்றிலிருந்து வயல் குற்றமற்றதாகி, எங்கள் இரத்தம் குற்றவாளியானது.

அத்தைக்கு அப்போது இருபத்துநாலு வயது. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிற ஒருவருக்குப் பேசி, பரிசம் போட நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் பேச்சு எட்டியதும் குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க. டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஒரு துண்டு வாங்கிக் குடுங்க. பொண்ணுக்கு ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருந்தா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்.”

டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். செத்தவரின் கூடப்பிறந்தவர்கள் இருவரும், அதாவது அப்பாவும் அத்தையும், காலையில் போத்தலில் கொண்டுவர வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

அன்றிரவு அத்தை தன் கணுக்காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறிக்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும்? ஆனால் பயம் வந்தபின் கணக்கு வேறு. என்னைக் காட்டி யோசனையைச் சொன்னது அம்மாதான்.

“எதுக்குப் பயந்து சாகுற? இவ போத்தல்ல புடிச்சுக் குடுக்கட்டும். ஆடு மாதிரி மலையேறுற புள்ள. இவளோடது தண்ணி மாதிரி இருக்கும்.” பிறகு என் காதைப் பிடித்து, “வாயத் தொறந்தே, அத்தைக்குக் கல்யாணம் இல்ல. வெளங்குதா?” என்றாள்.

விளங்கியது. மறுநாள் விடிந்ததும், கழுவிக் காயவைத்த இருமல் மருந்துப் போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். அதற்குச் சற்று முன்னால் செய்த காரியத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தேநீர் போட அம்மா ஒளித்துவைத்திருந்த டின்பாலில் மூன்று கரண்டி திருடித் தின்றிருந்தேன்.

டிஸ்பென்சரியில் மறைப்பு என்று ஒன்றும் கிடையாது. மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, எதிரே நாங்கள். வாசற்படியில் மாப்பிள்ளையின் அம்மா. அவளுக்குப் பின்னால், அன்றைக்கென்று தலைவலி வந்த அரைவாசி லயம்.

முதலில் அப்பாவுடையதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினார். அது அப்படியே தெளிவாக இருந்தது. வயலுக்கு அப்பாவும் இரண்டு போகம் போய்வந்தவர். அம்மா மூச்சு விட்டாள்.

அடுத்தது, வீட்டிலேயே அத்தையின் பெயர் எழுதி ஒட்டியது. குழாயின் மேல்பகுதி கொதித்தது. முதலில் புகைபோல ஒன்று உள்ளே சுழன்றது. பிறகு அது திரண்டு, முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் வெளுத்தது. வெறும் உப்பாக இருந்தால் கலையும் என்று அவர் இரண்டு சொட்டு அமிலம் விட்டார். வெள்ளை கலையவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டார். கலையவில்லை.

“நீ வயல் பக்கம் போனனியே?”

“இல்லீங்க ஐயா.”

“ஒருநாளும்?”

“பதுளைக்கு அங்கிட்டுப் போனதில்லீங்க.”

“அப்ப தண்ணியிலை பழிபோட ஏலாது. வழிவழியா வாறதுதான் போல,” என்றார், குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. வாசலில் குடை விரியும் சத்தம் கேட்டது. மழை பெய்யவில்லை.

அப்போது அவர் தம் உத்தியோக வாழ்க்கையில் முறைப்படி கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார். “பிள்ளை, இது உன்ரைதானே?”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் வாய் திறந்தது. அத்தை அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது.

“என்னோடதுதாங்க ஐயா,” என்றாள் அத்தை.

பெரியவர்கள் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறார்கள் என்று வியந்தேன். ரகசியம் காப்பாற்றப்பட்டதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதற்குள் குடை பாதிப் பாதை இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் அத்தை என்னைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்க என்றாள். அங்கே எனக்கும் போத்தல் கொடுத்தார்கள், அவளுக்கும் கொடுத்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று துண்டு எழுதித் தந்தார்கள். அதை அவள் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். அதைக் காட்டினால் பண்டாரவளைக்காரி கேட்கப்போகிற அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். “அப்ப அது யாரோடது?”

அன்று முதல் என் சோற்றில் உப்பு நின்றது. கருவாடு நின்றது. ஊறுகாய் இருந்த சாடி உயரத்துக்கு ஏறியது. அத்தைதான் எனக்கென்று தனிச்சட்டியில் சமைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தானும் அதையே தின்றாள். தண்டனை என்று எனக்குத் தெரிந்திருந்தது. டின்பாலைத் திருடித் தின்று, குழாயை வெளுக்கவைத்து, அவள் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தானே.

மூன்று மாதம் பொறுத்தேன். ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டேன். “அத்தே, அன்னைக்கிக் காலையில நான் டின்பாலு தின்னேன். அதுனாலதான் வெள்ளையாயிருச்சு.”

அத்தை கையிலிருந்த சட்டியை இறக்கிவைத்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஆமாடி, பாலுதான். இனிமே திருடித் திங்காத.”

மன்னித்துவிட்டாள் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் சோற்றில் ஏன் உப்பு இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.