கை எட்டாத இடம்

தோல் பிரிவில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தும் சோப்பம்மாவுக்கு அருவருப்பு போகவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுவதால் ஆஸ்பத்திரியே வைத்த பெயர் அது. சீழ் துடைத்த நாளில் மதியச் சாப்பாடு இறங்காது.

"பிடிக்காத வேலையை ஏன் கட்டி அழற?" என்பார் புருஷன்.

"எனக்குப் பதிலா வர்றவ மூக்கைப் பிடிச்சிட்டுத் தள்ளி நிப்பா. நான் மூக்கைப் பிடிச்சிட்டாவது கிட்டப் போறேன்ல?"

ஒருநாள் மெத்தை தைப்பவர் ஒருவர் ஏழாவது தடவையாக வந்தார். உட்கார்ந்ததும் முழங்கையைப் பிறாண்டினார். நகத்தடியில் காய்ந்த ரத்தம். மேஜைமேல் தவிடு மாதிரி தோல் உதிர்ந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டே போனாள்.

"தங்கச்சி வீட்ல இருக்கேன் சிஸ்டர். ஒட்டிக்கும்னு தட்டைக்கூடத் தனியா வெச்சிட்டா. எனக்கே என்னைப் பார்த்தா வாந்தி வருது."

அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில், 'அரிப்பு. பஞ்சுத் தூசி ஒவ்வாமை. களிம்பு.' அடுத்த ஐந்து பக்கமும் ஈயடிச்சான் காப்பி. முதல் பக்கத்து எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. எடை எழுதும் கட்டம் காலி. அந்த மனுஷனின் தோலைவிட அந்தத் தாள்தான் அவளுக்கு அதிகம் நாறியது.

"சட்டையைக் கழட்டுங்க."

"இதுவரைக்கும் யாரும் கழட்டச் சொன்னதில்லையே."

கை, மார்பு, தொடை எங்கும் கீறல். ஆனால் தடிப்போ கொப்புளமோ ஒன்றுகூட இல்லை. முதுகின் நடுவே, கை எட்டாத இடத்தில், தோல் வழவழவென்று சுத்தமாக இருந்தது. தோல் வியாதி என்றால் அங்கேயும் இருக்க வேண்டுமே.

"வேலைக்குப் போகாத நாள்ல குறையுதா?"

"ரெண்டு மாசமா போகவே இல்ல. குறையல. தூங்கினா வேர்த்து தலையணை நனைஞ்சிடுது."

பேண்ட் இடுப்பில் நாலு விரல் தொளதொளத்தது. எல்லாவற்றையும் எழுதி டாக்டரிடம் நீட்டினாள்.

"இவ்வளவு எழுதிட்டிருந்தா கூட்டம் எப்பக் குறையும்?"

"எழுதாததாலதான் சார் ஏழாவது தடவை வந்திருக்கார்."

டாக்டர் முகம் சுளித்தபடி மெத்தைக்காரரின் கழுத்தைத் தடவினார். தோள்பட்டைப் பக்கத்துக் குழியில் விரல் நின்றது. அங்கே ஒரு கட்டி. உடனே எக்ஸ்ரேவுக்கு எழுதினார்.

நெஞ்சுக்குள்ளும் கட்டிகள் இருந்தன. சதை எடுத்துச் சோதித்ததில் நிணநீர்ச் சுரப்பியில் புற்று; அரிப்பும் அதனால்தான். மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாம் வாரம் அரிப்பு நின்றது. முடி கொட்டியது, உயிர் தங்கியது.

"ஒட்டாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா தட்டைத் தனியா வெச்சிருப்பேனா?" என்று தங்கை அழுதாள். சோப்பம்மாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை; ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது.

அந்த வாரமே அலமாரியைக் குடைந்து, இதேபோல் காப்பியடித்த மற்ற நோயாளிகளின் சீட்டுகளாகப் பதினொன்றைப் பொறுக்கி டாக்டர் மேஜையில் வைத்தாள். அவர் எச்சில் இலையைத் தள்ளுவதுபோல் ஒரு விரலால் நகர்த்தினார். பிறகு மேலே இருந்த சீட்டைத் திறந்து நோயாளியின் பெயரைப் பார்த்தார்.

"இந்தம்மாவை வரச் சொல்லுங்க" என்றார்.