பஸ் வராத நேரம்

எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பெரிய டீக்கடை உண்டு. அதே பெயரில் இன்னொரு கிளையை, ஓசூரிலேயே வேறொரு கேட்டுக்கு எதிரே நான் எடுத்து நடத்துவதாகப் பேச்சு. கிளை கொடுக்க வந்தவன், "கூட்டத்த நீங்களே தெனமும் பாக்கறீங்கல்ல சார்?" என்றான். பார்த்தேன்தான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக வரும்போது அங்கே நிற்க இடமிருக்காது. ஒரு மாதமாகத் தூக்கம் போயிற்று. மெஷின் முன்னால் நின்றாலும் மனம் கல்லாவில் உட்கார்ந்திருந்தது.

என் மனைவிதான் குறுக்கே விழுந்தாள். "நீங்க உள்ள வேலைல இருக்கறப்ப அங்க யார் இருக்காங்க? போய்ப் பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் வாயை அடைக்கவே லீவு போட்டு, ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு அந்தக் கடைக்குப் போனேன்.

விளக்குகளில் பாதி எரியவில்லை. கடைக்காரர் கல்லாவில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே டீ போட்டுக் கொடுத்தார். வேறு ஆளே இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. யாரும் வரவில்லை. இத்தனை நாள் நான் பார்த்து மயங்கிய கூட்டம் எங்கள் ஷிப்ட்தான். அதில் நானும் ஒருவன்.

நாற்காலி இழுபட்ட சத்தத்தில் கடைக்காரர் விழித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்து ஃபேனைப் போட்டார், விளக்குகளைப் போட்டார்.

"என்னண்ணா, இன்னிக்கு ஷிப்ட்டு சீக்கிரம் உட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே, என் தோளுக்கு மேலே வாசலை எட்டிப் பார்த்தார்.