நாவல்பழ ஒயின்

நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் ஒரே மகன் நாசிக் பக்கம் சிறிய அளவில் ஒயின் தயாரிக்கிறான். நாமக்கல்லில் யார் கேட்டாலும், "ஜூஸ் கம்பெனி வெச்சிருக்கானுங்க" என்றுதான் சொல்லி வந்தேன்.

என் மனைவியின் முதல் வருடத் திதிக்கு அவன் வந்தான். படையல் இலையில், அவளுக்குப் பிடித்த பணியாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்தான். என் மைத்துனன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்க மாமா, வாத்தியாரு ஊட்டுப் படையல்லயே சரக்குங்களா?"

உறவினர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

"அப்பா, இது என்னன்னு சொல்றனுங்க, கொஞ்சம் கேளுங்க" என்றான் மகன். நான் கேட்கவில்லை. பாட்டிலைக் கொல்லைக்கு எடுத்துப் போய், மூடியைத் திறந்து, துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்தேன்.

நாவல்பழ வாசம் எழுந்தது. வாசலில் அவள் நட்டு வளர்த்த மரத்தின் பழங்களைப் பொறுக்கி வரும்போது அவள் கைகளில் வீசிய அதே வாசம். அவள் போன பிறகு, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அந்த மரத்தை வெட்டியவன் நான்தான்.

மகன் பின்னால் வந்து நின்றான். கோபப்படவில்லை.

"கருமாதிக்கு வந்தப்பப் பொறுக்கிட்டுப் போன பழமுங்கப்பா. அம்மாவ நெனச்சு ஒரே ஒரு பாட்டில்தான் போட்டனுங்க."

"வாரனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று கிளம்பினான். அதன்பின் வரவில்லை.

கல்லில் ஊதாக் கறை படிந்திருந்தது. தேய்க்க வேண்டாம் என்று வேலைக்கு வரும் அம்மாளிடம் சொல்லிவைத்தேன். அடுத்த மழையில் அதுவும் போய்விட்டது.

இப்போது யார் கேட்டாலும், என் மகன் ஒயின் தயாரிக்கிறான் என்றே சொல்கிறேன். அதைக் கேட்க வேண்டியவன்தான் பக்கத்தில் இல்லை.