மூத்த மருமகனின் உப்பு வைத்தியம்

கற்பிட்டியில் கருவாடு போடுகிற பாயிஸுக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு சொத்துத்தான் இருந்தது. மாமியார் வீட்டில் மூத்த மருமகன் என்கிற பட்டம்.

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குப் பயந்து ஓடத் தொடங்கியவன் களப்புக் கரையில்தான் வந்து நின்றான். அன்றிலிருந்து மீன் வெட்டுகிறான். அவன் உப்புப் போட்ட கட்டா மீன், தான் செத்ததையே மறந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். மர்ளியாவைக் கலியாணம் முடித்ததும் ஊர் வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கே குடிவந்தான். பதினொரு வருசம் அங்கே அவன்தான் ராசா. சோற்றுக்கு ஊற்றுகிற மீன் ஆணத்தில் தலை அவனுக்கு. கூரையில் ஓடு மாற்றுவதென்றாலும், கோழிக்கூட்டுக்குக் கதவு போடுவதென்றாலும் மாமி ஜெசீமா உம்மா, “மூத்த மருமகனிட்ட ஒரு வார்த்த கேக்கணும்” என்பார். கேட்டதும் பாயிஸ் கண்ணை மூடிப் பத்து நிமிடம் யோசிப்பான். யோசிக்க அதில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் யோசிப்பான்.

பிறகு இளையவள் நஸ்ஹாவுக்குக் கனமூலையிலிருந்து மாப்பிள்ளை வந்தான். பெயர் அஸ்மின். ஒரு பை, ஒரு போன், போனைப் பற்றி ஓராயிரம் இரகசியம். அவ்வளவுதான் அவன் கொண்டுவந்தது.

வந்து மூன்றாம் நாளே தொடங்கிவிட்டான். மாமியின் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது.

“மாமி, கம்பெனிக்காரன் எல்லாப் போன்லயும் அரைவாசி சார்ஜ ஒளிச்சு வெச்சிரிக்கான். நம்மளுக்குச் சொல்ல மாட்டான். ஸ்டார் போட்டு, நான் சொல்ற நாலு நம்பரயும் அடிச்சு, ஹாஷ் போடுங்க. வெளிய வந்துரும்.”

மாமி அடித்தார். போன் பொத்தென்று அணைந்தது.

“பாத்தீங்களா? உள்ளுக்கு வேல செய்யத் தொடங்கிட்டு. இனி ஒரு மணித்தியாலம் சார்ஜர்ல குத்தி வைங்க.”

ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் சார்ஜ் நிரம்பி வழிந்தது. “மாஷா அல்லாஹ்! என்ன மூள!” என்றார் மாமி. சார்ஜரை யாரும் பாராட்டவில்லை.

அடுத்தது சிக்னல். போனைத் தாடை எலும்பில் முட்டிப் பிடித்தால் மண்டையே டவராகிவிடும் என்றான். மறுநாள் தெருவில் பார்த்தால் ஆண், பெண், கிழவன், குமரி அத்தனை பேரும் தாடையில் கையோடு நடக்கிறார்கள். முழு ஊருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்தது போலிருந்தது. அஸ்மினைத் தேடி வாசலில் சனம் குவிந்தது. பாயிஸ் கருவாடு காயப்போடுகிற வாடியிலிருந்து வந்தால் தன் செருப்பைக் கழற்ற இடமில்லை.

அதையும் பொறுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டில் பாரை மீன் தலை அவனைத் தாண்டிப்போய் அஸ்மினின் பீங்கானில் இறங்கியது. “மூளைக்கு வேல கூட உள்ள புள்ள” என்றார் மாமி. பாயிஸுக்கு வால். அன்று அவன் தின்றது வாலில்லை, நெருப்பு.

“ஒன்ட தங்கச்சிட மாப்பிள என்ன, போனக் கண்டுபுடிச்சவனா?” என்று மர்ளியாவிடம் பாய்ந்தான்.

“ஒங்களுக்குப் பொறாம.”

“எனக்கா? அந்த முருங்கக்காயப் பாத்தா?”

“அந்த முருங்கக்காய்தான் எனக்கும் படிச்சுத் தந்த. வாட்ஸ்அப்ல என்ட படத்த யாரு ஒளிஞ்சு பாக்குறாண்டு கண்டுபுடிக்க ஒரு வழி இரிக்கி.”

“யாரு பாக்குறான்?” பாயிஸின் குரல் ஓட்டை விழுந்த ரபான் மேளத்தைப் போல ஆனது.

“நீங்கதான். ஒரு நாளைக்கு நாப்பது தரம் பாக்குறீங்களாம்.”

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். பாயிஸிடம் இருந்தது பட்டன் போன். அதில் படம் தெரிவதாக இருந்தால் முதலில் அவனுக்கல்லவா தெரிய வேண்டும்? ஆனாலும் அவள் முகத்திலிருந்த சந்தோசத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். அந்தப் பயல் பொய் சொல்லியும் தன் மனைவியைச் சந்தோசப்படுத்துகிறானே என்று பொறாமை இன்னும் கூடியது.

இப்படி இருக்கும்போதுதான் மாமியின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. கட்டாரில் வேலை செய்கிற மகன் ரிஃபாஸ் அஸர் தொழுகைக்குப் பிறகு அதில்தான் தினமும் முகம் காட்டுவான். மாமி போட்ட கூச்சலில் களப்பில் நின்ற கொக்கெல்லாம் மன்னாருக்குப் பறந்திருக்கும்.

“பயப்பிடாதீங்க மாமி,” என்றான் அஸ்மின். “அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வைங்க. மூணு நாளைக்கி ஆரும் தொடப்படா. அரிசி தண்ணியெல்லாம் உறிஞ்சிரும்.”

தொடக் கூடாதென்றால் சோறு ஆக்குவதெப்படி? காலையும் பேக்கரிப் பாண், பகலும் பாண், இரவும் பாண். இரண்டாம் நாள் பாணைப் பருப்பில் தோய்த்து விழுங்கும்போது பாயிஸுக்கு ஒரு ஞானம் பிறந்தது. தண்ணீரை உறிஞ்சுவதில் உப்பை மிஞ்சிய சாமான் உண்டா? இருபது இறாத்தல் மீனையே பலகையாக்குகிற உப்புக்கு, உள்ளங்கை அளவு போன் எம்மாத்திரம்? அரிசியில் கருவாடு போட்டவன் எவனாவது இருக்கிறானா? இந்தப் போனை உயிர்ப்பித்து மாமியின் கையில் கொடுத்தால் போதும், பழைய ராச்சியம் திரும்பிவிடும்.

வீட்டில் பெண்கள் தொழுகையில் நின்ற நேரம் பானைக்குள் கையை விட்டான். போனைச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு வாடிக்குப் பறந்தான். ஒரு கட்டா மீனுக்குச் செய்கிற மரியாதையில் ஒன்றைக்கூட அதற்குக் குறைக்கவில்லை. நாலு மூலைக்கும் உப்பைத் தேய்த்தான். இடுக்கிலெல்லாம் விரலால் அழுத்தினான். கருவாட்டுத் தட்டியில் இரண்டு கட்டாவுக்கு நடுவில் வெயிலில் படுக்கவைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டான். காகம் வந்தால் தானே காகமாகிக் கத்தித் துரத்தினான்.

பின்னேரம் உப்பைத் தட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினான். இல்லை. இன்னும் அழுத்தினான். கட்டாவாவது கண்ணைத் திறக்கும், இது திறக்காது போலிருந்தது.

வியர்த்துவிட்டது. ஆனால் பொறாமைக்காரனுக்கு மூளை இரண்டு. போனை மறுபடி அரிசிப் பானைக்குள் புதைத்தால் பழி யாருக்கு? அரிசி வைத்தியனுக்கு! சிரித்துக்கொண்டே கொண்டுபோய்ப் புதைத்தான்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு வீடே பானையைச் சுற்றி நின்றது. மாமி போனை வெளியே எடுத்தார். முதலில் ஓடிவந்தது பூனை.

“இதென்ன மணம்?” மாமி மூக்கைச் சுளித்தார். போனின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கண்ணாடியில் ஒரு மீன் செதிள் மினுங்கியது. எல்லாரும் பாயிஸைப் பார்த்தார்கள். பாயிஸ் கூரையைப் பார்த்தான்.

அஸ்மின் போனைப் பார்த்தான், பாயிஸைப் பார்த்தான், ஓரடி முன்னால் வந்தான்.

“மாமி, குத்தம் என்டதான். அரிசி காணாதெண்டு நான்தான் பாயிஸ் நானாட வாடிக்கிக் கொண்டுபோய் உப்புல வெச்சன்.”

பாயிஸுக்கு நெஞ்சு இலேசானது. தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டான். ஒரு மூச்சுக்குத்தான் அந்த நிம்மதி நின்றது.

மாமி அஸ்மினின் தலையில் கைவைத்தார். “போன் போனாப் போகட்டும் மகன். குத்தத்த ஒத்துக்குற மனசு எத்தின பேருக்கு இரிக்கி? அல்லாஹ் எனக்குத் தங்கத்த மருமகனாத் தந்திரிக்கான்.” மர்ளியாவும் கண்ணைத் துடைத்தாள்.

பாயிஸுக்குத் தாங்கவில்லை. வாசலை எடுத்தான், மாமியை எடுத்தான், இப்போது என் பிழையையும் எடுத்துக்கொண்டு போகிறானே!

“பொய் மாமி, பொய்!” என்று கத்தினான். “உப்பு வெச்ச நான்! இவனுக்கு உப்புப் போடத் தெரியுமா? வடிவாப் பாருங்க, நாலு மூலையிலயும் எப்பிடி ஒரே மாதிரி எறங்கி இரிக்கி! இப்பிடி உப்புப் போட இந்தக் கற்பிட்டியில என்ன உட்டா ஆரு இரிக்கா?”

வீடு வாயைப் பிளந்தது. முதலில் நஸ்ஹாதான் சிரித்தாள். பிறகு மர்ளியா. மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அவன் கையில் வைத்தார்.

“அப்ப புதுசு வாங்கித் தர வேண்டிய மூத்த மருமகன்தான்.”

மூத்த மருமகன்! எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்! பாயிஸுக்குக் காதில் ஸம்ஸம் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது.

“பாதிய நான் போடுறன் நானா,” என்றான் அஸ்மின்.

“கைய எடு! மாமி என்னயத்தான் சொன்ன. முழுக்க நான்தான்.”

“சரி, நல்ல போன் எதுண்டு பாத்துச் சொல்ல நானும் கடைக்கி வாரனே.”

“வா. வந்து பேசாம இரி.”

மறுநாள் புத்தளம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். பாலாவி தாண்டவில்லை, முன்சீட்டு ஹாஜியார் திரும்பி, தன்னுடைய போனில் தண்ணீர் போய்விட்டதென்று அஸ்மினிடம் கதை கொடுத்தார். அஸ்மின் வாயைத் திறப்பதற்குள் பாயிஸ் குறுக்கே பாய்ந்தான்.

“இவன்ட்டக் கேக்காதீங்க ஹாஜியார், என்ட்டக் கேளுங்க. உப்புல மட்டும் வெச்சிராதீங்க. நான் வெச்சுப் பாத்த ஆள்!”