பேனா மூடி

அம்மா ஒரு தடவை கோபப்பட்டால் கேன்சர் ஒரு சுற்று பெருத்துவிடும் என்று ஐந்தாம் வகுப்பு முடித்த வயதில் நான் முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் சொந்த மூளை. டாக்டர் அப்பாவிடம் "டென்ஷன் ஆகாம பாத்துக்குங்க" என்று மட்டும்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான், சைக்கிள் டியூபையும் காற்றடிக்கும் பம்ப்பையும் நினைத்துக்கொண்டு மீதியை நானே முடித்துவிட்டேன்.

பயந்ததில் நியாயம் இருந்தது. என் அம்மா அபாரமாகக் கோபப்படுபவள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சின்ன போஸ்டாபீஸ். அதன் ஒரே கவுன்ட்டரில் அம்மா. அவளுக்குக் கூட்டம் தொல்லையில்லை, வெயில் தொல்லையில்லை, பேனாதான் தொல்லை. மணியார்டர் அனுப்ப வருகிறவர்கள் பணம் கொண்டுவருவார்கள், அட்ரஸ் கொண்டுவருவார்கள், குடைகூடக் கொண்டுவருவார்கள். பேனா மட்டும் கொண்டுவர மாட்டார்கள். "மேடம், பேனா கொஞ்சம்..." என்று இழுத்தால், அம்மா மூடியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுவாள். மூடியில்லாத பேனாவை எவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான் என்பது அவள் கணக்கு. போனார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து அநாதை மூடிகளை எடுத்துப் பழைய பவுடர் டப்பாவில் போட்டபடியே, அந்தப் புண்ணியவான்களின் பரம்பரையையே விசாரிப்பாள்.

அந்த வருடம் அம்மாவுக்கு வலது மார்பில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா உத்தரவு போட்டார்: யாரும் அவளை எதிர்த்துப் பேசக்கூடாது. அதோடு எங்கள் வீடு வீடு மாதிரியே இல்லாமல் போயிற்று. அப்பா ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவதை நிறுத்தினார். நான் பாகற்காயைத் தின்றுவிட்டு "நல்லாருக்கும்மா" என்றேன். ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை, கல்யாணமான நாளிலிருந்து அம்மாவோடு எதிலும் ஒத்துப்போகாத அத்தை, "குழம்புல உப்பே இல்லையே" என்று அம்மா சொன்னதற்கு, "நீங்க சொன்னா சரிதான் அண்ணி" என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தார்கள். ஸ்விட்ச் போர்டு வரைக்கும் போகும். அங்கே வலித்து நின்றுவிடும். அப்பா பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "சூப்பர்! நேத்தைவிட மேல!" என்பார். கோடு நேற்றைய கோட்டின் மேலேயே விழுந்திருக்கும்.

"பொய் சொல்லாதீங்க."

"சரிம்மா."

"அதுக்கும் சரியா? இந்த வீட்ல ஒருத்தராவது எங்கிட்ட மனுஷங்க மாதிரி சண்டை போடுங்களேன்!"

நாங்கள் மூன்று பேரும் பணிவாகத் தலையாட்டினோம்.

மருந்து, ஊசி எல்லாம் முடிந்து, முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள் அம்மா அறிவித்தாள்: "திங்கக்கெழம ட்யூட்டில சேர்றேன். டாக்டர் சரின்னுட்டார்."

"கை?" என்றார் அப்பா.

"அது வரும்போது வரட்டும். முத்திரை குத்த இவ்ளோ உயரம் போதும்."

வீட்டில் மூன்று வாயை அடக்கியாயிற்று. போஸ்டாபீசுக்கு வரும் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் மொத்தத்தையும் யார் அடக்குவது? பேனாவுக்கு ஒரு கோபம் என்று வைத்தாலும் அம்மா சனிக்கிழமையைத் தாண்ட மாட்டாள்.

யோசித்தேன். யாரும் பேனா கேட்காவிட்டால் கோபம் எங்கிருந்து வரும்? திங்கட்கிழமை காலை வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போஸ்டாபீஸ் வாசலில் தபால்பெட்டி ஓரம் நின்றேன். லுங்கி கட்டிய ஒருவர் வந்தார்.

"பேனா வேணுமா அங்கிள்?"

"எவ்ளோபா?"

"காசு வேணாம். சும்மாதான்."

"சும்மாவா? அப்ப எய்தாது" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வேறு கூத்து. போஸ்ட்மாஸ்டர் அம்மாவை ஃபேனுக்கு நேர் கீழே உட்காரவைத்து, முன்னால் ஒரு இளநீரையும் வைத்திருந்தார். கவுன்ட்டரில் வேறு ஆள்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்."

"ரெஸ்ட் எடுக்க எனக்கு வீடு இருக்கு சார்" என்று அம்மா எழுந்து போய், கவுன்ட்டர்காரரைக் கிளப்பிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே லுங்கிக்காரர், என் பேனாவை உதறிக்கொண்டு.

"வாசல்ல ஒரு பையன் எய்தாத பேனாவா குட்துகினு கீறான் மேடம். ஒங்க பேனா குடுங்க."

நான் குனிந்துகொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது, அவர் எழுதி முடித்து, ரசீதும் வாங்கி, அம்மாவின் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அங்கிள், பேனாவைக் குடுத்துடுங்க! எங்கம்மா செத்துடுவாங்க!"

"இன்னாடா ஒளர்றே?"

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"யோவ்! காதுல இருக்கறது யார் வீட்டுப் பேனாய்யா? மூடி இங்க இருக்கு, தெரியலையா?" தடுப்புக் கண்ணாடிக்கும் மேலே மூடியைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள்.

"தோ தந்துடறேம்மா, ஒரு பேனாவுக்கு இன்னா பேஜார் பண்றே!"

"பேஜாரா? நானா?"

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்று போஸ்ட்மாஸ்டர் ஓடிவந்தார்.

"நீங்க உக்காருங்க சார். எளநி இருக்கு, குடிங்க!"

அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, அத்தையிடம் "அம்மா கத்திட்டாங்க" என்றேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னிக்காவது உப்பு போட்டியா?" என்றாள். காலையிலிருந்து பயந்து பயந்து ஓய்ந்திருந்த அத்தைக்கு எரிச்சல் வந்துவிட்டது. "வேணும்னா நீங்களே போட்டுக்குங்க அண்ணி!" அம்மா சிரித்தாள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். எங்கேயாவது வீங்குகிறாளா என்று நான் அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ரிட்டயராகும் வரைக்கும் அம்மா அந்தக் கவுன்ட்டரில் கத்தினாள். இப்போது எனக்கு முன்தலை வழுக்கை விழுந்த பிறகும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வாசலில் நின்று நான் பயந்து பயந்து பார்த்தது அவள் வாயை மட்டும்தான்.

மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது வலது கை.