சிவானியும் இரண்டு வகை ஹொப்ஸும்

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் நடத்தும் உணவகத்தின் பின்பக்கத்தில் சிவானி பியர் காய்ச்சுகிறாள். படித்தது இரசாயனவியல். ஆனால் ஹியூபேட் அவளை வேலைக்கு எடுத்தது மூக்குக்காக. ஒரு தாங்கி பியர் புளித்துக் கெடப்போகிறதென்றால் கருவி காட்டுமுன்பே அவள் மணந்து சொல்லிவிடுவாள்.

மாசியில் வந்த காய்ச்சலோடு அந்த மூக்கு போயிற்று. காய்ச்சல் விட்டது, வாசம் திரும்பவில்லை. அவள் வெளியே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹியூபேட் புதுப் பியர் ஒன்று கேட்டார். பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹொப்ஸ் என்ற காய்ந்த பூ. சாஸ், சிட்ரா என்று இரண்டு வகை வந்திருந்தன. கலந்தால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். பிசுபிசுப்பு மட்டும்தான். எது நல்லதென்று இணையத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள்.

"என்ன முடிவு சிவானி?"

"இன்னும் ஒருக்காப் பாக்கிறன் சேர்."

மூன்றாம் தரமும் அதையே சொன்ன அன்று, இரண்டையும் வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா பாலேஸ்வரி, மகள் சாப்பாட்டுக் கம்பனியில் வேலை என்று கோயிலில் சொல்லி வைத்திருப்பவர்.

"அம்மா, இதை மணந்து சொல்லுங்கோ."

அம்மா சிட்ராவை முகர்ந்தார். "தேசிக்காய்த் தோல், மாம்பழம். பின்னால பூனை மூத்திரமும் அடிக்குது பிள்ளை."

"மற்றது?"

"காஞ்ச புல்லு. கொஞ்சம் மிளகு. இது பரவாயில்லை, மற்றது கெதியாத் தெகிட்டும். ஏன், உனக்கு மணக்கேல்லையே?"

சிவானி பல்கனிக்குப் போனாள். கடற்கரை ரயில் போனது. நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள்.

காலையில் வாசம் போனதை ஹியூபேட்டிடம் சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறியது.

"அப்ப போன தாங்கியை எப்பிடிச் சரி எண்டனீர்?"

"நாக்கால சேர். மிச்சம் ஊகம்."

அவர் கோபத்தோடு எழுந்து போய், போன தாங்கியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தார். அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு பைகளையும் தானே முகர்ந்தார். "சாஸ். எங்கட இறாலுக்கு அதுதான் ஒத்துப்போகும். இனிமேல் மணக்கிறது நான், காய்ச்சிறது நீர்."

புதுப் பியரை ஆட்கள் கேட்டுக் குடிக்கிறார்கள். சிவானிக்கு மட்டும் அது குளிரும் கசப்பும்தான். இப்போது சில காலைகளில் ஏதோ கருகுவதுபோல் மணக்கிறது. ஓடிப்போய்ப் பார்ப்பாள். அடுப்பு மூட்டியே இருக்காது.